டைம்டேபிள் தம்பி

நவம்பர் மழையில் ஹாஸ்டல் வராந்தாவெல்லாம் காயாத துணி தொங்குகிற காலத்தில், விங்குக்கு ஒருத்தன் ஸ்கெட்ச் பேனா வாங்கக் கிளம்புவான். அவன்தான் டைம்டேபிள் தம்பி. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த எந்தப் பொறியியல் கல்லூரி ஹாஸ்டலுக்குள் நுழைந்தாலும் பார்க்கலாம். செமஸ்டர் முழுக்க அவன் இருந்த இடம் தெரியாது. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்கு மேலும் கீழுமாக ஊசலாடிக்கொண்டிருக்கும். கடைசி இன்டர்னலும் முடிந்து ஸ்டடி ஹாலிடேஸ் விட்ட அன்று சாயங்காலம்தான் ஐயாவுக்கு ஞானம் பிறக்கும்.

மாதக் காலண்டரில் முடிந்துபோன அக்டோபரைக் கிழிப்பான். அதன் பின்பக்கத்தில் கட்டம் போடுவான். ஸ்கேல் வைக்காமல் ஒரு கோடு விழாது. கணக்குக்குச் சிவப்பு, மற்ற பாடங்களுக்கு நீலம், உடல்நலத்துக்குப் பச்சை. சும்மா சொல்லக் கூடாது, அச்சகத்தில் கொடுத்தால்கூட இவ்வளவு லட்சணமாக வராது. என்ன, பச்சை கொஞ்சம் தூக்கல். 4.00 எழுதல். 4.05 வெந்நீர். 4.15 சூரிய நமஸ்காரம். 5.00 ஊறவைத்த பாதாம். 5.05 மூச்சுப் பயிற்சி. இப்படியே போய், ஃபூரியர் சீரிஸ் பச்சைக் கட்டங்களுக்கு நடுவே ஒண்டுக்குடித்தனம் நடத்தும்.

"சூரியனே ஆறு மணிக்குத்தானடா வருது?" என்பான் ரூம்மேட்.

"அது வர்றதுக்கு முன்னாடியே பண்ணா இன்னும் மரியாதைடா மாப்ள."

நாலு மணிக்கு அலாரம் அலறும். அவனைத் தவிர விங்கே எழுந்துவிடும். எழுந்த பாவத்துக்கு நாலு பேர் திட்டிக்கொண்டே டூ மார்க்கைப் புரட்டுவார்கள். நம்மாள் ஏழரைக்கு எழுந்து மணியைப் பார்ப்பான். மூன்றரை மணி நேரம் பிசகிவிட்டதே! பழைய கட்டத்தை வைத்துக்கொண்டு எப்படிப் படிப்பது? உடனே செப்டம்பரைக் கிழித்துத் திருத்திய பதிப்பு. முதல் பரீட்சை வருவதற்குள் ஆகஸ்டும் ஜூலையும் காலி.

விஷயம் தெரியாதவன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். படிப்பது எப்படி என்பதில் அவன் கரை கண்டவன். 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்கிற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறைக் கடிகாரத்தை முடுக்கி வைத்து, 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ஓய்வு என்று ஒரு முறையைக் கண்டுபிடித்தார். இதைத் தம்பி ரூம் ரூமாகப் போய் விளக்குவான். ஒரு ரூமுக்குச் சரியாக 25 நிமிஷம் ஆகும். சிரில்லோவைப் பற்றி 13 மார்க்கில் கேட்டால் அடிஷனல் ஷீட் வாங்கி எழுதக்கூடியவன்தான். கேட்கமாட்டேன் என்கிறார்களே!

ராத்திரி பதினோரு மணிக்கு எவனாவது டீக்கடைக்குக் கிளம்பினால் படியிலேயே மறித்துக்கொள்வான். "இப்ப காபி குடிக்காதடா. அதுல இருக்கற கஃபீன் பாதியாக் குறையறதுக்கே அஞ்சு மணி நேரம் ஆகும். ராத்திரி தூங்கினாத்தான் படிச்சது மண்டையில தங்கும்." சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. தூங்கும்போதுதான் மூளை நினைவுகளை உறுதிப்படுத்துகிறது என்று ஆராய்ச்சியாளர்களே சொல்கிறார்கள். சொல்லிவிட்டு அவர்களோடு கூடவே நடப்பான். அவன் காபி குடிக்கமாட்டான், டபுள் ஆம்லெட். கேட்டால் புரோட்டீன் என்பான்.

அம்மா போன் பண்ணுவார். "கண்ணு முழிக்காதப்பா, உடம்பு சூடாயிடும். சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிச்சியா? வல்லாரைப் பொடி தீர்ந்துடுச்சா?" தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை. சனிக்கிழமை காலை நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு முழுகிவிட்டு, "9.00 முதல் 1.00 வரை இரண்டாம் யூனிட்" என்கிற சிவப்புக் கட்டத்துக்கு நேராக உட்காருவான். எண்ணெய்க் குளியலன்று பகலில் தூங்கக் கூடாது என்பதும் அவனுக்குத் தெரியும். ரூம்மேட்டிடம் அதைச் சொல்லிக்கொண்டே கண் சொருகும். எழுந்தால் மெஸ்ஸில் சாயங்கால டீயே முடிந்திருக்கும்.

ஆனால் அடுத்தவனைத் தேற்றுவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. எவனாவது, "மூணு நாள்தான் இருக்கு மச்சி, அவ்வளவுதான், அரியர்தான்" என்று தலையில் கை வைத்தால் உடனே ஆஜர். "மூணு நாள்னு ஏன்டா பாக்கற? 72 மணி நேரம்டா!" ஒரே நாள் பாக்கி என்றால் 1440 நிமிஷம் என்பான். ஹாலுக்குள் நுழைகிறவனைக்கூட, "மூணு மணி நேரம்னா 10,800 செகண்ட் மச்சி" என்று முதுகில் தட்டி அனுப்பியிருக்கிறான். கேட்கிறவனுக்கு அந்த நேரத்தில் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. காசு வாங்கிக்கொண்டு மேடையில் முழங்குகிறவர்களிடம் இதைவிடப் பெரிதாக என்ன கேட்டுவிட்டோம்?

மழை வலுத்தால் அவனுக்கு யோகம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பரீட்சைகள் தள்ளிப்போன கதையை, சீனியர்கள் வாயால் கேட்டதைக் கூட இருந்து பார்த்தவன் மாதிரி சொல்வான். ரெட் அலர்ட் என்று செய்தியில் வந்துவிட்டால் மற்றவர்கள் போர்வையை இழுத்துக்கொள்வார்கள். இவன் ஜூனைக் கிழிப்பான்.

இதெல்லாம் கேலிக்குச் சொன்னது. அவனை நான் வேறு மாதிரியும் பார்த்திருக்கிறேன். மூன்றாம் செமஸ்டரில் டிபிடிஇ என்று ஒரு கணக்குப் பேப்பர் உண்டு. பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனில் ஆரம்பித்து இசட் டிரான்ஸ்ஃபார்ம் வரைக்கும் அஞ்சு யூனிட். பெயரைக் கேட்டாலே சூப்பர் சீனியருக்கும் வயிற்றைக் கலக்கும். அந்தப் பரீட்சைக்கு முந்தின நாள் ரூம்மேட்டுக்கு நிஜமாகவே கலக்கிவிட்டது. மத்தியானம் தின்ற பரோட்டா, சால்னா. பொழுது சாய்வதற்குள் ஆள் துவண்டுபோனான்.

தம்பி டைம்டேபிளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெஸ் அண்ணாவிடம் கெஞ்சித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினான். ஒரு லிட்டர் பாட்டிலில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனின் தலையை ஸ்கேலால் வழித்தான். அந்த ஸ்கேல் அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தான். ராத்திரி ரசம் சாதத்தைக் கரைத்து ஊட்டாத குறை.

"படிக்கவே முடியலடா" என்று அவன் முனகினான்.

"நீ படுத்துக்கோ, நான் வாசிக்கறேன்."

ஜெராக்ஸ் கடை கொஸ்டின் பேங்கை எடுத்து, அஞ்சு யூனிட் டூ மார்க்கையும் ராகம் போட்டு வாசித்தான். பன்னிரண்டு மணிக்குச் சீக்காளி தூங்கிவிட்டான். அப்புறமும் இவன் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், மறுபடி எழுந்தால் தண்ணீர் கொடுக்க வேண்டுமே என்று. பரீட்சை மத்தியானம் இரண்டு மணிக்கு. எட்டரை வரைக்கும் அவனைத் தட்டி எழுப்ப யாரையும் விடவில்லை. நாலு மணி அலாரத்தைக்கூட ராத்திரியே அணைத்திருந்தான். அன்றைக்கு விங்கில் பாதிப் பேர் விடிந்தது தெரியாமல் தூங்கிவிட்டு, காலையில் அவனைத்தான் பிடித்துத் திட்டினார்கள்.

ரிசல்ட் வந்தது. பேதியில் கிடந்தவனுக்கு பி பிளஸ். தம்பிக்கு சி, தொட்டுத் தடவி பாஸ். அவனுக்குச் சங்கடமாக இருக்குமே என்று யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவனேதான் ரூம் ரூமாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான்:

"எட்டரை மணி நேரம் தூங்கினான்டா அவன். தூங்கினாத்தான் மண்டையில தங்கும்னு நான் எத்தனை தடவ சொன்னேன், எவனாவது கேட்டீங்களா?"