திறமையற்ற பதினேழு பேர்

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரைசேரும் வேளையில், என்ஜின் இரைச்சலுக்கும் ஏலம் கூறுவோரின் கூச்சலுக்கும் மேலாக எட்டும்படி வஞ்சிர மீனுக்கு விலை கேட்கத் தெரிந்த ஒருவனுக்குச் சங்கீதமும் வந்தே தீர வேண்டும் என்கிற விசித்திரமான முடிவுக்கு எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ஒரு நாள் காலையில் வந்து சேர்ந்தார். அந்த முடிவின் பலனை நான் மூன்று மாத காலம் அனுபவித்தேன்.

பெரியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இத்தகையவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்போம். மாதம் தவறாமல் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிற மனிதர்களுக்கே உரிய கவலையற்ற, ஆழ்ந்த குரல் அவருக்கு வாய்த்திருந்தது. அந்தக் குரலை வீணாக்காமல், ஊரிலுள்ள ஒரு பாடகர் குழுவில் பாஸ் எனப்படும் அடிக்குரல் வரிசையில் நின்று பாடிவந்தார்.

"தம்பி, உமக்கு இருப்பது தெனோர் குரல்," என்றார்.

அது மருந்துக்குக் கட்டுப்படுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பெண்களின் உச்சக்குரல் சோப்ரானோ, அதற்குக் கீழே ஆல்டோ, ஆண்களில் மேற்குரல் தெனோர், அடியில் பாஸ் என்று நான்கு தட்டாகப் பாடுவது அந்தச் சங்கீதத்தின் சம்பிரதாயம் என்றும், சோப்ரானோவுக்கு வரிசையில் நின்று இடம் கேட்கிறார்கள், ஆனால் தெனோர் என்பவன் மட்டும் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளையைப் போல எங்கும் கிடைக்கமாட்டேன் என்கிறான் என்றும், ஆகவே ஸ்வரம் தெரியாது, ஜெர்மன் பாஷை தெரியாது, வேதாகமம் தெரியாது என்பன போன்ற அற்பக் காரணங்களைச் சொல்லி நான் தப்ப முடியாது என்றும் விளக்கினார். வரன் தேடுகிறவர்கள் அவசரத்தில் குலம் கோத்திரம் பார்ப்பதில்லை; நான் சேர்க்கப்பட்டேன்.

குழுவில் கத்தோலிக்கக் குடும்பத்தினர் இருந்தார்கள், ஆசிரமத்தைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள், ஒரு பல் வைத்தியர், இரண்டு கல்லூரி மாணவிகள், வாழ்க்கையில் எதையுமே நம்பாத ஓர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் இருந்தார். இத்தனை பேரையும் கட்டி மேய்த்தவரை நாங்கள் 'மதாம்' என்று அழைத்தோம். எடுத்துக்கொண்ட உருப்படி, யோஹான் செபாஸ்டியன் பாக் இயற்றிய 'வாக்கெட் அவுஃப்' என்னும் காண்டாட்டா. காண்டாட்டா என்பது கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை ஒட்டிப் பாடுவதற்காகக் கூட்டுப்பாட்டு, வசனம் போல இழுத்துச் சொல்லும் பகுதி, தனிப்பாட்டு, இருவர் பாட்டு என்று கலந்து கட்டியது. நம் கதாகாலட்சேபத்தைக் கேட்டவர்களுக்கு அதன் அமைப்பு புரிந்துவிடும். அதைக் கோயிலிலிருந்து கிளப்பி மண்டபத்தில் கச்சேரியாக வைப்பது முறையா என்று கணக்கு வாத்தியாரிடம் கேட்டேன். "ராமன் இருந்தானா என்று சந்தேகப்படுகிறவன் சபாவிலே தியாகராஜ கீர்த்தனைக்குத் தலையாட்டுவதில்லையா?" என்றார். அவர் பாடும்போது பார்த்தால் நம்பிக்கை இல்லாதவர் என்று எவரும் நம்பமாட்டார்கள்.

இந்தச் சங்கீதம் நமக்கு முற்றிலும் அந்நியம் என்ற அபிப்பிராயத்தோடுதான் நான் போனேன்; போன பிறகு விசாரித்ததில் வெட்கமாகிவிட்டது. சென்னையில் மதராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-லேயே தொடங்கிவிட்டது என்பதைக்கூட விட்டுவிடலாம், அது வெள்ளைக்காரன் இருந்த காலம். ஆனால் எங்கள் ஊருக்குத் தெற்கே இதே கடற்கரையிலுள்ள தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரிமார்களான சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கியது 1706 ஜூலை 9-ல். ஜெர்மன் ஞானப்பாட்டுகளின் மெட்டுகளிலேயே தமிழ்ச் சொற்களை ஏற்றித் தரங்கம்பாடிச் சபையார் பாடத் தொடங்கியது அதையடுத்த சில ஆண்டுகளில். பாக் தம் காண்டாட்டாக்களைக் கட்டியெழுப்பியதும் அத்தகைய மெட்டுகளை அஸ்திவாரமாக வைத்துத்தான். அவர் லைப்சிக் நகரில் பதவி ஏற்றதோ 1723-ல். ஆகவே அந்த மாபெரும் வித்வான் லைப்சிக்கில் தம் கடையைத் திறப்பதற்கு முன்பே, கச்சாப் பொருள் தரங்கம்பாடியில் வந்து இறங்கிப் புழக்கத்துக்கும் போய்விட்டது.

அந்த 1706-ஆம் ஆண்டில் பாக் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் அறியத்தக்கதே. ஆர்ன்ஷ்டாட் என்ற சிற்றூர்க் கோயிலில் ஆர்கன் வாசித்துவந்த அந்த இளைஞர், லூபெக் நகரில் பூக்ஸ்டஹூட என்ற பெரியவரின் வாசிப்பைக் கேட்பதற்காக நாலு வாரம் லீவு வாங்கிக்கொண்டு, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தூரம் நடந்தே போய், நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்து, மேலதிகாரிகள் முன் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். லீவு விஷயத்தில் மகான்களும் நம்மைப் போன்றவர்களே என்பதில் எனக்கு ஏற்பட்ட ஆறுதல் கொஞ்சமல்ல.

ஒத்திகை ஆரம்பமாயிற்று. ஜெர்மன் வார்த்தைகளை நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எஃகு, அஃது என்னும் இரண்டு உத்தியோகங்களைத் தவிர வேறொன்றும் பார்த்தறியாத ஆய்த எழுத்து, அன்றுதான் தன் பிறவிப் பயனை அடைந்தது. என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் பக்கமெல்லாம் அடுப்புக் கற்களை அடுக்கியதுபோல முப்புள்ளிகளே தெரியும். பாஷையைக்கூட ஒருவாறு சமாளித்தேன். அசைவுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. நான் சங்கீதம் கற்றவன் அல்லன். ஆனால் சீர்காழி கோவிந்தராஜன் பாட்டைக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. ஒரு ஸ்வரத்தைப் பிடித்துவிட்டு அதைக் கொஞ்சமும் அசைக்காமல் விட்டுவிடுவது, இலையைப் போட்டு உப்பு வைக்காமல் பரிமாறுவதுபோல எனக்கு மனம் ஒப்பாத காரியம். நான் அசைத்தேன். மதாம் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்திவிட்டு, "யாரோ இறங்கி வரும்போது படிக்கட்டில் வழுக்குகிறார்கள்," என்றார். பிறகு தொடையில் தாளம் போட்டேன். அதையும் நிறுத்தச் சொன்னார். முடிவில் அவர் எனக்கு அளித்த உபதேசம் இது: நல்ல குழுப்பாடகனின் குரல் தனியாகக் கேட்கவே கூடாது, பக்கத்தில் இருப்பவன் பாடுவது உன் காதில் விழவேண்டும், நீ பாடுவது எவன் காதிலும் விழக்கூடாது. மீன் ஏலத்தில் பழகியவனுக்கு இதைவிடக் கடினமான சாதனை இருக்க முடியாது.

வீட்டில் சாதகம் செய்ய வழியில்லை. அதிகாலையில் அரியாங்குப்பம் ஆற்றின் கரைப்பக்கம் போய் நின்று பாடினேன். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் படகுகள் வெளியேற முடியாமல் தவிப்பதை அங்கே வெகு நாட்களாகப் பார்த்திருக்கிறேன். என் மேல் ஸ்தாயி ஸ்வரங்களும் அப்படியே தொண்டைக்கு உட்புறமாக வந்து நின்று தவித்தன. வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் அனுதாபத்தோடு, "வயித்துவலியா அண்ணே?" என்று கேட்டார்.

மனம் சோர்ந்திருந்த அந்தச் சமயத்தில் பாக் எழுதிய ஒரு மனு எனக்குப் பெருந்துணையாக வந்தது. 1730 ஆகஸ்ட் 23 தேதியிட்டு லைப்சிக் நகரசபைக்கு அவர் எழுதியதில், தம்மிடம் ஒப்படைத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளைத் தரம் பிரித்துக் கணக்குக் கொடுத்திருக்கிறார்: பயன்படக்கூடியவர்கள் 17 பேர், இன்னும் தேறாதவர்கள் 20 பேர், திறமையற்றவர்கள் 17 பேர். இத்தனைக்கும் அந்த நகரசபை பாக்கையே முதலில் விரும்பி அழைக்கவில்லை. டெலமான், கிராவுப்னர் என்ற இரண்டு வித்வான்களும் கிடைக்காமற்போன பிறகுதான் இவரை ஏற்றது. மூன்றாம் பட்சமாக வந்தவர் மூன்றாந்தரப் பிள்ளைகளைக் குறித்து மனு எழுதுவதும், அந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே அடுத்த ஆண்டு 'வாக்கெட் அவுஃப்' போன்ற ஒன்றை நிறைவேற்றிவிடுவதும் யோசித்துப் பார்க்கத்தக்க விஷயங்கள். பெயர் தெரியாமற்போன அந்தக் கடைசிப் பதினேழு பேரிடம் எனக்கு அன்றே ஒரு சகோதர பாசம் உண்டாயிற்று.

பாட்டின் பொருளை என் தாயாரிடம் சொன்னேன். பத்துக் கன்னிகைகள் விளக்கேந்தி மணவாளனுக்காகக் காத்திருந்து தூங்கிவிடுகிறார்கள். நள்ளிரவில் மதில்மேல் காவற்காரர் விழித்தெழுங்கள் என்று கூவுகிறார்கள். அப்புறம் ஆத்மா நாயகியாகவும் ஆண்டவர் நாயகனாகவும் இரண்டு இடத்தில் சேர்ந்து பாடுகிறார்கள். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "இதுக்கா இவ்வளவு பாடு? நம்ம ஆண்டாள் மார்கழி மாசம் வீட்டுக்கு வீடு போய் எழுப்புறதுதானே இது!" என்றார். நான் திகைத்தேன். மூன்று மாதம் ஒத்திகை பார்த்த எங்களில் ஒருவருக்கும் தோன்றாத விஷயம் அது. மேலும், அந்தப் பத்துப் பேரில் ஐந்து பேர் புத்தியில்லாதவர்கள், எண்ணெய் கொண்டுவராமல் போய்விட்டார்கள், கதவைச் சாத்திவிட்டார்கள் என்று வேதாகமக் கதையைத் தொடர்ந்தபோதுதான் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்பா, கூட வந்தவளுங்க கொஞ்சம் ஊத்தியிருக்கக் கூடாதா? தூங்குறவளையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போனாத்தானே அது நோன்பு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கணக்கு வாத்தியாரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் 27-ஆம் ஞாயிற்றுக்காக எழுதப்பட்டது இந்தக் காண்டாட்டா. 1731 நவம்பர் 25-ல் முதன்முதல் பாடப்பட்டது. ஈஸ்டர் மிக முந்தி வருகிற வருஷத்தில் மட்டுமே அந்த ஞாயிறு உண்டு. பாக் லைப்சிக்கில் இருந்த 27 ஆண்டுகளில் இரண்டே தடவை அது வந்தது. நாங்கள் அத்தனை கணக்குப் பார்க்கவில்லை, நவம்பர் கடைசி என்று மட்டும் வைத்துக்கொண்டோம். புதுச்சேரியில் நவம்பர் கடைசி என்றால் என்னவென்று வானிலை அறிக்கை வாசிப்பவர்களுக்குத் தெரியும். மழை பிடித்துக்கொண்டது. 1742-ல் டப்ளின் நகரில் ஹாண்டலின் 'மெசையா' அரங்கேறியபோது, இடம் போதாதென்று ஆடவர்கள் வாளின்றியும் பெண்கள் வளையம் வைத்த பாவாடையின்றியும் வரும்படி கேட்டுக்கொண்டார்களாம். எங்கள் கச்சேரியில் சபையோரைக் குடையின்றி வாருங்கள் என்று எப்படிக் கேட்பது? ஆளுக்கொரு குடை சொட்டச் சொட்ட நாற்காலிக்கடியில் கிடந்தது. ஈரக் காற்றில் வயலின் தந்திகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மதத்தைத் தழுவின. வெளியே தவளைகள் தம் பங்கை ஒத்திகையில்லாமலே செவ்வனே செய்தன.

நாலாவது பகுதி வந்தது. அது முழுக்க முழுக்கத் தெனோர்களுக்கே உரியது. தந்திவாத்தியங்கள் ஓர் அழகான மெட்டை முதலில் தனியே வாசிக்க, அது முடிந்து இரண்டாம் முறை தொடங்கியபின் எதிர்பாராத ஓரிடத்தில் தெனோர்கள் நடுவே புகவேண்டும். காவற்காரர் பாடுவது ஊர் காதில் விழுகிறது என்பதே அங்கே பொருள். நாங்கள் நால்வர். தொடையைத் தொடாமல் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வந்த நான், என் குரல் தனியாகக் கேட்கக்கூடாது என்ற உபதேசத்தை நினைத்து மற்றவர் எடுக்கட்டும் என்று காத்திருந்தேன். மற்ற மூவரும் அதே உபதேசத்தை அதே பக்தியோடு நினைத்திருக்கிறார்கள். இடம் வந்தது, போயிற்று. ஊரையே எழுப்பவேண்டிய காவற்காரர்கள் நால்வரும் வாயைத் திறந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது பின்வரிசையிலிருந்து, அந்தப் பகுதியில் வேலையே இல்லாத எங்கள் சொல்தா, பட்டாளத்தில் கட்டளை கேட்டுப் பழகியவராதலால் ஒருகணமும் தயங்காமல், ஒரு ஸ்தாயி கீழே எடுத்துக்கொண்டு தனியாக முழங்கினார். இரண்டாம் அடியில்தான் நாங்கள் விழித்துக்கொண்டு சேர்ந்தோம்.

சபையோர் அதைத்தான் மிகவும் ரசித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மதாம் ஒன்றும் சொல்லவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். உபதேசத்தை இவ்வளவு முழுமையாக நிறைவேற்றிய சீடனை அவர் அதற்குமுன் கண்டிருக்கமாட்டார்.

முன்வரிசையில் இருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் திரும்பினேன். "நீ பாடினது காதுலயே விழலையே," என்றார். அதுதான் அந்தச் சங்கீதத்தின் உச்சநிலை என்றேன். முதலியார்பேட்டை தாண்டும்வரை பேசாமல் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தவர், வீட்டு வாசலில் இறங்கிக் குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்:

"அடுத்த வருஷம் பாடுறப்பவாவது, அந்த அஞ்சு பொண்ணுங்களுக்கும் கொஞ்சம் எண்ணெய் ஊத்தச் சொல்லி அந்த மதாம் கிட்ட சொல்லுப்பா."