மருந்து வந்துகிட்டே இருக்கு

ஆஸ்பத்திரியில் டாக்டர் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னவுடன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நம்புகிறவர்கள், இதுவரை ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத பாக்கியவான்கள். அந்தச் சொல்லுக்கும் வார்டு வாசலுக்கும் நடுவே ஒரு முழுப் பகல் கிடக்கிறது. அந்தப் பகலில் நோயாளி நோயாளியும் இல்லை, நலம் பெற்றவரும் இல்லை. அவர் வகிக்கும் ஒரே பதவி, மருந்துக்குக் காத்திருப்பவர்.

எங்கள் அப்பா அந்தப் பதவியை வகித்தது மலைக்குக் கீழே, பேராக் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில். பெயர் வேண்டாம். எந்த ஆஸ்பத்திரியின் பெயரைப் போட்டாலும் கதை பொருந்தும்.

மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் கம்போங் ராஜாவில் எழுபதைத் தாண்டிய முட்டிகளுக்கெல்லாம் வலி உண்டு. சரிவில் ஏறி இறங்கிய முட்டிகள், குளிரில் ஊறிய முட்டிகள். அப்பா கொழுந்து எடுத்தவர் அல்ல. தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் நின்றே காலம் கழித்தவர். நின்ற முட்டியும் வலிக்கும். அதற்குப் பக்கத்து வீட்டு மாமா பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலிருந்து ஒரு மாத்திரைப் போத்தல் வாங்கி வந்து கொடுத்தார். சாப்பிட்ட மறுநாளே அப்பா படியில் இளைஞனைப் போல ஏறினார். சில மாதம் போனதும் வயிற்றில் புண், புண்ணில் ரத்தக் கசிவு, நடுராத்திரியில் மலையிறக்கம். குழாய் விட்டுப் பார்த்தார்கள், கசிவை நிறுத்தினார்கள், ரத்தம் ஏற்றினார்கள். ஆள் தேறினார்.

தேறியதும் வந்தது அந்தக் காலை. டாக்டர்கள் கூட்டமாக ரவுண்டு வந்தார்கள். பெரிய டாக்டர் சிரித்தார், "போலே பாலேக்" என்றார். சின்ன டாக்டர் தாளில் ஏதோ எழுதினார். மிஸ்ஸி வந்து கையிலிருந்த பிரானுலாவைக் கழற்றினார். அரை மணி நேரத்துக்குள் அப்பா வார்டு உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வந்த ராத்திரி போட்டிருந்த சட்டையை மாட்டிக்கொண்டார். அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர். மலையில் இறங்கியபோது குளிர், ஸ்வெட்டரோடுதான் வந்தார். கீழே கொளுத்துகிறது.

"கழட்டுங்கப்பா, வேர்க்குது."

"இப்பத்தான் கெளம்பப் போறோமே, எதுக்கு?"

இந்த ஒரு வரியை அன்று பலமுறை கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் அதிசயம் கவனித்தேன். நோயாளி போகிறார் என்ற செய்தி சமையலறைக்கு மின்னலாகப் போகிறது. மருந்தகத்துக்கு மட்டும் நடந்து போகிறது. மதியச் சாப்பாட்டு வண்டி வந்தபோது அப்பாவின் பெயர் பட்டியலில் இல்லை. எதிர்க் கட்டிலில் திரிங்காப் பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரச் சீனப் பெரியவர். அவருக்குக் கஞ்சி வந்தது. அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா கஞ்சியைப் பார்த்தார். ஒரு வாரத்துக்கு முன்னால் இதே கஞ்சியை, "மாட்டுக்குக்கூட ஊத்த மாட்டாங்க" என்று ஒதுக்கியவர் அப்பா.

நான் கீழே போய் ரொட்டி வாங்கி வந்தேன். பசியாறிவிட்டு மிஸ்ஸியிடம் போனேன்.

"மருந்து வந்துகிட்டு இருக்கு, அண்ணே."

எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. கீழ்த்தளத்திலிருந்து நான்காம் மாடிக்கு வர இத்தனை நேரமென்றால் நடுவில் தங்கி வருகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் அவசரத்துக்குக் காரணம் ரோடு. சிம்பாங் பூலாய் ரோடு வருவதற்கு முன்னால் எங்கள் ஊருக்குத் தாப்பா வழியாகத்தான் ஏற வேண்டும். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் எல்லாவற்றையும் தாண்டினால் மலையின் வாலில் கம்போங் ராஜா. புது ரோடு வந்ததும் கடைசி ஊர் முதல் ஊராகிவிட்டது. ஈப்போ கிட்டத்தில் வந்தது, காய்கறி லோரிகளும் கிட்டத்தில் வந்தன. சாயங்காலமானால் மூட்டம் இறங்கும்; மழை பெய்தால் சில இடங்களில் மண்ணும் இறங்கும். மூட்டத்தில் முட்டைக்கோஸ் லோரிக்குப் பின்னால் ஊர்வது ஒரு தனிப் பயிற்சி. முட்டைக்கோஸை ரசிக்கக் கற்றுக்கொண்டவன்தான் அதில் தேறுவான்.

நான் ஜன்னலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்பா கட்டிலோரத்தில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து தோட்டத்து டிரசரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

டிரசரை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தோட்டத்து மருந்தகத்தில் டாக்டருக்கும் மிஸ்ஸிக்கும் மருந்து கலப்பவருக்கும் சேர்த்து ஒரே ஆளாக இருந்தவர். டாக்டர் எப்போதாவது வந்து போவார். மற்ற நாளெல்லாம் டிரசர்தான் தெய்வம். இவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள்.

"டிரசர் ஐயாகிட்ட போனா ஒரு நிமிஷம். நாக்க நீட்டுன்னுவாரு. நீட்டி உள்ள இழுக்கறதுக்குள்ள மருந்து கைல இருக்கும்."

"என்ன மருந்துப்பா?"

"தண்ணி மருந்து. போத்தல்ல ஊத்திக் குடுப்பாரு."

"காய்ச்சலுக்கு?"

"அதான்."

"வயித்து வலிக்கு?"

"அதுவும் அதான். நெறம் மட்டும் கொஞ்சம் மாறும்."

எல்லாருக்கும் ஒரே மருந்தென்றால் ஒரு நிமிஷம் போதும்தான். நான் வாயைத் திறக்கவில்லை. டிரசரைக் குறை சொல்லி அப்பாவிடம் ஜெயித்தவர் எங்கள் லயத்தில் எவருமில்லை.

பொழுது போகக் கைப்பேசியில் வயிற்றுப் புண்ணைப் பற்றித் தேடிப் படித்தேன். அப்பாவின் வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வலி மாத்திரை ஒரு பக்கம், கிருமி ஒரு பக்கம், நடுவில் அப்பாவின் இரைப்பை. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் இந்தக் கிருமி அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம்மவர்கள் முன்னணியில் இருக்கும் துறைகளில் இதுவும் ஒன்று.

வயிற்றின் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது, புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும்தான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் ஒரு காரியம் செய்தார். 1984இல் அந்தக் கிருமியைக் கரைசலாக்கித் தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி; உள்ளே பார்த்தால் இரைப்பை முழுக்க அழற்சி. அவருக்கும் அவரோடு உழைத்த ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இதை அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "கிருமிய வேணும்னே குடிச்சவனுக்குப் பரிசு. தெரியாம மாத்திர தின்னவனுக்கு மட்டும் உங்கம்மாகிட்ட திட்டு."

நான் மறுபடியும் மிஸ்ஸியிடம் போனேன். "வந்துகிட்டே இருக்கு, அண்ணே." சொல்லில் ஓர் 'ஏ' கூடியிருந்தது. அதுவே முன்னேற்றம்.

திரும்பி வந்து படபடத்தேன். பில் கட்ட ஒரு நிமிஷம் ஆகவில்லை. மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி என்று கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் ஒரு கோப்பை தே தாரேக் கிடைக்கலாம். பணம் வாங்குவதில் இவ்வளவு சுறுசுறுப்பு, மாத்திரை கொடுப்பதில் ஏன் இல்லை என்று பொரிந்தேன். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒனக்குக் கொழுந்து வாட்ற வேல குடுத்திருந்தா முதல் நாளே வெரட்டியிருப்பாங்க."

வந்தது பாடம். கொழுந்து ஃபேக்டரிக்கு வந்தவுடன் உருட்டு மெஷினில் போட முடியாது. பரப்பி, காற்று விட்டு, பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரம் வாட விட வேண்டும். ஈரம் இறங்கி, இலை துணி மாதிரி துவள வேண்டும். அதற்கு முன்னால் உருட்டினால் இலை நொறுங்கிச் சாறு வழிந்து போகும். நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாவதற்குள் நடக்கிற வேலைகளில் நீளமானது இதுதான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு மாடியில் ஒருவன் சும்மா நிற்பதாகத் தெரியும்.

"சும்மா நிக்கலடா. அப்பப்ப எடுத்துக் கசக்கி மோந்து பாத்துகிட்டே இருக்கணும். மேல எவனோ சும்மா நிக்கிறான்னு கீழ இருக்கிற கிராணி கத்துவான். கத்தட்டும்."

அன்றைக்கு நான் அந்தக் கிராணி.

கடைசியில் மருந்து வந்தது. அதோடு ஒரு பெண்ணும் வந்தார். வெள்ளைக் கோட்டு, தலையில் துடோங், கையில் ஒரு கூடை. மருந்தாளர். வயது என் மகள் வயதுதான் இருக்கும். கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மன்னிக்கணும் பாக்சிக், லேட்டாயிடுச்சி" என்று மலாயில் ஆரம்பித்தார்.

லேட்டுக்குக் காரணம் எங்கள் ஊர் அரசுக் கிளினிக் புத்தகம். அப்பா கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுவது அதில் இருந்திருக்கிறது. கிருமியைக் கொல்லச் சின்ன டாக்டர் எழுதிய மருந்துகளில் கிளாரித்ரோமைசின் ஒன்று. இரண்டும் ஒரே உடம்பில் சேரக் கூடாது. கிளாரித்ரோமைசின், கொழுப்பு மாத்திரையை உடம்பு கழிக்கவிடாமல் தேக்கிவிடும். தேங்கினால் தசை சிதையும், சிதைந்தது சிறுநீரகத்தையும் அடைக்கும். தாளைப் பார்த்ததும் இவர் சின்ன டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறார். சின்ன டாக்டர் பெரிய டாக்டரைக் கேட்க வேண்டும். பெரிய டாக்டர் ஆபரேஷன் அறையில். அவர் வெளியே வந்து, கிருமி மருந்து முடியும் வரை கொழுப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லி, அதை எழுதி, மருந்தை எடுத்து, இன்னொருவர் சரிபார்த்து, லேபிள் ஒட்டி...

அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பாமலே என்னைப் பார்க்க அவருக்குத் தெரியும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் மருந்தால் வரும் தீங்கைக் குறைப்பதற்கென்றே ஓர் உலகளாவிய இயக்கம் தொடங்கியது. ஒரு வார்டிலிருந்து இன்னொன்றுக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு என்று நோயாளி இடம் மாறும் நேரம்தான் தவறு நுழையும் நேரம் என்று அதில் தனியாகவே எடுத்துச் சொன்னார்கள். உலக மேடையில் சொன்னதை நான்காம் மாடியில் ஒரு பெண் போன் போட்டே நடத்தி முடித்துவிட்டார்.

அடுத்து அவர் கேட்டார்: "வேற ஏதாவது மருந்து, கடையில வாங்கினது, ஜாமு, மூலிகை ஏதும் சாப்பிடுறீங்களா?"

"தாடா, தாடா" என்றார் அப்பா, இரண்டு முறை. இரண்டாம் முறைதான் காட்டிக்கொடுத்தது.

அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் சிரித்தபடி அப்படியே இருந்தார். காத்திருப்பதில் அப்பாவுக்குச் சமமான ஆள் அன்றுதான் கிடைத்தது. கடைசியில் அப்பாவின் கை ஸ்வெட்டருக்குள் போனது. உள்சட்டைப் பையிலிருந்து பாசார் மாலாம் போத்தல் வெளியே வந்தது! அத்தனை வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாத ரகசியம் அப்போதுதான் விளங்கியது.

அவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதிவு செய்த மருந்தென்றால் மால் என்று தொடங்கும் பதிவெண் இருக்க வேண்டும், இதில் இல்லை. ஒரு முதியவர் ஓடுகிற படம் மட்டும் இருந்தது. இந்த மாதிரிச் சரக்கில் ஸ்டீராய்டையும் வலி மருந்தையும் சொல்லாமல் கலந்துவிடுவார்கள், அதனால்தான் மறுநாளே படியேற முடிந்தது, அதனால்தான் வயிறும் புண்ணானது என்று பொறுமையாகச் சொன்னார். அப்பா படத்திலிருந்த முதியவரைக் கோபமாகப் பார்த்தார்.

எல்லாம் அமைதியாகத்தான் போனது, இரும்புச் சத்து மாத்திரை வரும்வரை. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். தார் மாதிரி ஒட்டி, நாற்றமடித்தால் உடனே வாருங்கள் என்றார். அப்பா தலையாட்டினார். மாத்திரைக்கு முன்னும் பின்னும் தேநீர் வேண்டாம், தேயிலையில் இருக்கும் டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது என்றார். அப்பாவின் தலை நின்றது.

"தே தாக் போலே?"

"போலே, பாக்சிக். ரெண்டு மணி நேரம் தள்ளி."

நாற்பது வருஷம் நாட்டுக்கே தேநீர் கொடுத்தவரிடம் தேநீர் எதிரி என்று ஒரு சின்னப் பெண் சொல்கிறார். அப்பா பேரம் பேசினார். பால் ஊற்றினால்? ஆகாது. சீனி போடாமல்? ஆகாது. மலைத் தேயிலை என்றால்? அவர் சிரித்துவிட்டார். கடைசியில் காலை எழுந்ததும் ஒன்று, மாத்திரைக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம் கழித்து ஒன்று, மாலையில் ஒன்று என ஒப்பந்தம் ஆனது. அடுத்த மாத மருந்தை மலை இறங்காமல் ஊர்க் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ள ஒரு தாளும் எழுதிக் கொடுத்தார்.

மூட்டத்தோடும் முட்டைக்கோஸ் லோரியோடும் வீடு வந்து சேர்ந்தோம். அதன் பிறகு எங்கள் வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தேநீர் கலக்கிறோம். அப்பா குடிக்க முடியாத நேரத்தில் மற்றவர்கள் குடித்தால் துரோகம். அம்மா பின்கட்டில் நின்று குடிக்கிறார்.

ஊரே பார்க்க வந்தது. பக்கத்து வீட்டு மாமாவும் மால்ட் போத்தலோடு வந்தார். உட்கார்ந்தார், நலம் கேட்டார், குரலைத் தணித்தார்.

"முட்டி எப்படிண்ணே இருக்கு? அதே ஆள்கிட்ட புதுச் சரக்கு வந்திருக்கு. இன்னும் ஸ்ட்ராங்காம்."

அப்பா அலமாரியைத் திறந்து ஆஸ்பத்திரித் தாளை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மருந்தகத்து நம்பரை விரலால் காட்டினார்.

"இந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுக் கேளு. சரின்னு சொன்னா தின்னலாம்."

"உடனே சொல்லிடுமா?"

"சொல்லாது" என்றார் அப்பா, மிகுந்த திருப்தியோடு. "காத்துகிட்டு இருக்கச் சொல்லும். இரு."