அண்ணன் எங்கே?

தமிழ்நாட்டில் முச்சந்தி இருந்தால் சிலை இருக்கும். சிலைக்கு மாலை, மாலைக்கு ஏணி, ஏணியில் ஏற அமைச்சர், ஏணியைப் பிடித்துக்கொள்ள மாவட்டச் செயலாளர் என எல்லாம் இருக்கும். சிலை செய்யப் படித்த பிள்ளை மட்டும் அங்கே இருக்க மாட்டான். அவன் ஏதோ கல்யாண மண்டப வாசலில் தெர்மாகோலை அறுத்து அன்னப்பறவை செய்துகொண்டிருப்பான். எம்.எஃப்.ஏ. சிற்பம், முதல் வகுப்பு!

1850-இல் தொடங்கியது சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. அதன் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. பாறையை நெம்பும் அந்த நால்வருக்காகக் கல்லூரிக் காவலாளியும் ஒரு மாணவரும் வெறும் உடம்போடு நின்று கொடுத்தார்கள். இன்று அப்படியொரு மாதிரியை எந்த அலுவலகத்துக்காவது எடுத்துப் போய்ப் பாருங்கள். முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: “இதுல அண்ணன் எங்க?”

அந்தக் கல்லூரி இப்போது இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு ஜெயலலிதா பெயர், வேந்தர் முதலமைச்சரே. 2018 பிப்ரவரியில் அதிமுக தலைமை அலுவலகத்தில் அதே ஜெயலலிதாவுக்கு வெண்கலச் சிலை திறந்தார்கள். திரை விலகியதும், ‘யார் இந்த அம்மா?’ என்று ஊரே கேட்டது. நவம்பரில் வேறு சிலை வந்தது. சிற்பியை நான் குறை சொல்லவில்லை. வேந்தர் ஆளும் பல்கலைக்கழகத்தில் ஒரு முதலாண்டு மாணவனைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால், வார்ப்புக்குப் போகுமுன் களிமண்ணிலேயே சொல்லியிருப்பான், “ஐயா, இது அவங்க இல்லை” என்று. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறவன் அந்தப் படியேறி எத்தனை நாள் நிலைத்திருப்பான்?

டில்லிக்காரர்கள் மட்டும் என்ன வாழ்கிறதாம். அதே ஆண்டு அக்டோபரில் குஜராத்தில் படேல் 182 மீட்டர் உயர்ந்தார். செலவு ஏறக்குறைய 3,000 கோடி ரூபாய். தேச ஒற்றுமைக்கான வெண்கலத் தகடுகளை வார்த்துக் கொடுத்தது சீனா. இங்கே முதுகலை மாணவன், ஒரு முழ உயர வார்ப்புக்கு வெண்கலம் வாங்க வழியில்லாமல் பைபரில் ஊற்றி, அதற்கு வெண்கல வண்ணம் அடித்துத் தேர்வுக்கு வைக்கிறான்.

இரண்டு வருஷம் அவனுக்கு ‘வெளி’ பற்றிப் பாடம் நடத்துகிறோம். உருவத்தைச் சுற்றியிருக்கும் காற்றும் சிற்பத்தில் சேர்த்தி என்கிறோம். அவன் பட்டம் வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்து பார்க்கிறான்: அம்பேத்கர் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார். ராத்திரியில் கடப்பாரையோடு வருகிற சாதிவெறியனை உள்ளே தள்ளத் துப்பில்லாதவர்கள், அரசியல் சட்டம் எழுதியவரை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை வருவாய்த்துறையிடமோ காவல் நிலையத்திலோ கொடுத்துவிட்டார்கள். பிறந்த நாளுக்குத் திறப்பார்கள். மறுநாள் பூட்டுவார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

கூண்டு செய்ய வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும். நம் பட்டதாரிக்கு வெல்டிங் நன்றாகவே தெரியும். அவனே போய்க் கேட்கட்டுமே என்றால், அதற்கும் டெண்டர் இருக்கிறது. போன தடவை கூண்டு போட்டவரே இந்தத் தடவையும் குறைத்துக் கேட்டிருக்கிறார்.