மாங்காடு ஜங்ஷன்

மாங்காட்டில் ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்தில் கிளம்பி வாலாஜா ரோடு போன தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலே ஆவடிப் பக்கமாகப் போய்விட்டது. இப்போது மெட்ரோத் தூண்களும் குமணன்சாவடியைத் தாண்டி நேரே பூந்தமல்லிக்கு நடையைக் கட்டிவிட்டன. அரசாங்கம் கைவிட்டதைக் குடும்பத்தலைவன் எடுத்து நடத்தவேண்டியதுதான் என்று ஹாலில் ரயில் விட முடிவு செய்தேன், லெகோ கட்டைகளில். கட்டைகள் மகன் பேரில் வாங்கியவை. அவன் காலேஜ் சேர்ந்துவிட்டான் என்பது வேறு விஷயம்.

மாடல், டபிள்யூ.ஏ.பி-7. சென்ட்ரலில் எக்ஸ்பிரஸ்களின் தலைமாட்டில் நிற்குமே, வெள்ளை உடம்பில் சிவப்புப் பட்டை போட்ட ராயபுரம் ஷெட் எஞ்சின், அதுதான். நீளம் இருபதரை மீட்டர், எடை 123 டன். நம் பிராட்கேஜ் 1,676 மில்லிமீட்டர், லெகோ தண்டவாளம் 37.5. வகுத்தால் ஏறக்குறைய 45. அந்தக் கணக்கில் என் எஞ்சின் 46 சென்டிமீட்டர் நீளம், எட்டே முக்கால் குமிழ் அகலம். முக்கால் குமிழ் எந்தக் கடையிலும் விற்பதில்லை என்பதால் எட்டோடு நிறுத்தினேன். “ஸ்லிம்மா இருக்குப்பா” என்றான் மகன். எஞ்சினைத்தான்.

வளைவு வந்ததும்தான் ரயில்வே அமைச்சர்கள் மேல் எனக்கு அனுதாபம் பிறந்தது. விதிப்படி பிராட்கேஜ் வளைவின் ஆரம் 175 மீட்டருக்குக் குறையக் கூடாது. அதை 45-ஆல் வகுத்தாலும் ஒரு முழு வட்டத்துக்கு எட்டு மீட்டர் அகல ஹால் வேண்டும். எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு, அடிக்கணக்கில். “அந்த கிச்சன் சுவரை மட்டும்...” என்று ஆரம்பித்தேன். “என்னங்க, நில ஆர்ஜிதமா?” என்றாள் மனைவி. திட்டம் கைவிடப்பட்டது.

மிச்சம் இருந்தது பெட்டியோடு வரும் வளைவுத் துண்டுகள். பதினாறு சேர்ந்தால் ஒரு வட்டம், ஆரம் 32 சென்டிமீட்டர். நிஜத்தில் அது பதினாலு மீட்டர் ஆரத்துக்குள் இருபதரை மீட்டர் எஞ்சினைத் திருப்பச் சொல்வது. எங்கள் சந்துக்குள் தண்ணி லாரி ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

போதாததற்கு நிஜ எஞ்சினின் போகிக்கு மூன்று அச்சு, லெகோ மோட்டாருக்கு இரண்டு. மூன்றாவதை மோட்டாருக்குப் பின்னால் தனியாகக் கோத்து, பக்கவாட்டில் நகரும்படி லூசாக விட்டேன். இழுக்கிற வேலையெல்லாம் மற்ற இரண்டும் பார்க்க, இது மட்டும் வளைவில் இப்படியும் அப்படியும் ஒதுங்கிக்கொண்டு கூடவே வரும். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு மனைவி சொன்னாள்: “உங்களையே செஞ்சு வெச்சிருக்கீங்க.”

கூரையில் பான்டோகிராஃப் உண்டு, மேலே கம்பி கிடையாது. நிஜ எஞ்சின் 25,000 வோல்ட்டில் ஓடுகிறது, இது ஆறு சின்ன செல் தரும் 9 வோல்ட்டில். செல் பெட்டியை மோட்டாருக்கு நேர் மேலே வைக்கவேண்டும். சக்கரத்தின் மேல் பாரம் இல்லாவிட்டால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். ஆறு செல்லும் வீட்டு ரிமோட்டுகளில் இருந்து வந்தவை. ஆகவே வண்டி ஓடும் நேரத்தில் யாரும் சேனல் மாற்ற இயலாது. அகல ரயில்பாதைக்காக மக்கள் இதைவிடப் பெரிய தியாகமெல்லாம் செய்திருக்கிறார்கள்.

வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்தவர் மாமியார். ஊர் ஊராக ஜனங்கள் எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் வந்து காமாட்சியம்மனைக் கும்பிடுகிற ஊரில், புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் இல்லாமலா? “கோயில்ல குடுத்ததை சக்கரத்துல வெக்கக் கூடாது மாப்பிள்ளை, கடைப்பழம் வைங்க” என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 45 மடங்கு பெருக்கினால் அது ஆறடிப் பாறை. எஞ்சின் வந்தது, முட்டியது, உறுமியது. பழம் அசையவில்லை. சம்பிரதாயத்துக்குக் குறை வரக் கூடாதென்று மாமியார் அதை நறுக்கி ஒரு துண்டைத் தண்டவாளத்தில் வைத்தார். சாறு வழிந்து, சக்கரம் வழுக்கி, லூசாக விட்ட அச்சு முதல் ஆளாகக் கீழே இறங்கிவிட்டது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு,” மூக்கால் பேசினான் மகன். “ஹாலிலிருந்து ஹால் வரை செல்லும் வண்டி, காலவரையறையின்றித் தாமதமாக...”

“அது கிடக்கட்டும், மீதிப் பழத்தை எடுங்க மாப்பிள்ளை,” என்றார் மாமியார். “சாதம் ஆறிப்போகுது, கிளறணும்.”