கைப்பேசியைப் பிடுங்கலாமா?

கேள்வி: சமூக ஊடகம் பதின்பருவப் பிள்ளைகளின் மனதைக் கெடுக்கிறதே, கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் சரியாகுமா?
– ஒரு தாய், பள்ளுருத்தி, கொச்சி

பதில்: பிடுங்கினால் கைப்பேசி கைக்கு வரும், பிள்ளை வராது. சமூக ஊடகத்தால் முதலில் பறிபோவது தூக்கம். நள்ளிரவு வரை ரீல்ஸ் பார்த்த பிள்ளைக்கு மறுநாள் எரிச்சலும் கவனச் சிதறலும் மிஞ்சும். அடுத்தது ஒப்பீடு. பதிவேற்றிய படத்துக்குப் பத்து நிமிடத்தில் லைக் விழாவிட்டால் அதை அழித்துவிடும் பெண்பிள்ளை, தன் முகத்தையே சந்தேகிக்கத் தொடங்குகிறாள். உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்திய பதின்பருவப் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொன்னார்கள். 2021இல் கசிந்த அந்நிறுவனத்தின் உள் ஆய்வு இது. ஆனால் எல்லாப் பழியையும் செயலி மீது போட முடியாது. வீட்டில் பேச ஆளில்லாத பிள்ளையும் திரைக்குள்தான் ஒதுங்கும்.

கேரளக் காவல்துறை 2023இல் கொச்சி உட்பட ஆறு நகரங்களில் தொடங்கிய ‘டி-டாட்’ எனும் டிஜிட்டல் அடிமைத்தன மீட்பு மையங்களில் லத்திக்கு வேலையில்லை. உளவியலாளர்கள் 18 வயதுக்கு உட்பட்டோருக்கும் பெற்றோருக்கும் இலவசமாக ஆலோசனை தருகிறார்கள். எண் 9497900200. இரவில் எல்லாருடைய கைப்பேசியும், அம்மாவுடையதும் அப்பாவுடையதும் சேர்த்து, படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். பிள்ளை சாப்பாட்டையும் நண்பர்களையும் வெறுத்து ஒதுங்கினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ தாமதிக்கவே கூடாது: டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, எந்நேரமும், தமிழிலும் மலையாளத்திலும்.