புல் தெரியாத சேப்பாக்கம்

எங்கள் மொட்டைமாடியில் டிஷ் மாட்டிவிட்டுப் போன டிடிஎச் நிறுவனத்தின் மேலிடத்துக்கு,

மாதந்தோறும் எச்டி பேக்குக்குப் பணம் கட்டும் சந்தாதாரர் எழுதும் நன்றிக் கடிதம் இது. புகார் என்று நினைத்து கஸ்டமர் கேருக்குத் தள்ளிவிடாதீர்கள். பெட்டியை அணைத்துப் போடச் சொல்வதைத் தவிர அங்கே வேறு வைத்தியம் கிடையாது.

முதல் நன்றி கிரிக்கெட்டுக்கு. பவுலர் ஓடி வரும்வரை சேப்பாக்கத்தில் புல் தனித்தனியாகத் தெரிகிறது. பேட்ஸ்மேன் ஒரு ஃபோர் அடித்து, கேமரா பந்தை விரட்டத் தொடங்கியதும் புல்லெல்லாம் கரைந்து பச்சை மட்டும் மிஞ்சுகிறது. கோப்பையைத் தூக்கும்போது வண்ணக் காகிதம் பறந்தால், வீரர்களின் முகம் சதுரம் சதுரமாகக் கலைகிறது. கோப்பை யார் கையில் என்பதை வர்ணனையைக் கேட்டே தெரிந்துகொள்கிறோம். ரேடியோ காலத்தை மீட்டுத் தந்ததற்கு நன்றி.

காரணம் புரியாமல் இல்லை. ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்த ஃபிரேமுக்கு என்ன மாறியதோ, பெரும்பாலும் அதை மட்டும் அனுப்பி பிட்டை மிச்சம் பிடிப்பது உங்கள் என்கோடரின் தொழில். எதுவும் அசையாவிட்டால் அதற்குச் செலவில்லை. எல்லாமே அசைந்தால் பிட் போதாமல் நுணுக்கங்களை வெட்டி எறிகிறது. நமக்குக் கட்டங்கள் மிஞ்சுகின்றன. அதனால்தான் உங்கள் சேவையில் மெகா சீரியல் மட்டும் அப்பழுக்கில்லாமல் வருகிறது. மாமியார் அரை நிமிடம் அசையாமல் முறைக்கும்போது அவர் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணிவிடலாம்.

இரண்டாவது நன்றி கணக்குக்கு. சாதாரணத் தரமான எஸ்டி படத்தில் 720க்கு 576, ஆக 4,14,720 புள்ளிகள். எச்டியில் 1920க்கு 1080, ஆக 20,73,600. மிகச் சரியாக 5 மடங்கு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017 கட்டண ஆணையோ சேனல் எண்ணிக்கையில் ஒரு எச்டியை இரண்டு எஸ்டியாகத்தான் எடுத்துக்கொண்டது. இரண்டின் விலையில் ஐந்தா என்று பூரித்துப்போனோம். நீங்கள் தருவதாகச் சொன்னது புள்ளிகளை மட்டும்தான். புள்ளிக்குள் என்ன இருக்கும் என்று கேட்காதது எங்கள் அப்பாவித்தனம்.

ஸ்டுடியோ கேபிளில் அழுத்தாமல், அதாவது கம்ப்ரஸ் செய்யாமல், ஓடும் எச்டி சிக்னல் வினாடிக்கு ஏறத்தாழ 1.5 கிகாபிட். ப்ளூ-ரே தட்டில் படத்துக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. செயற்கைக்கோளில் ஒரு டிரான்ஸ்பாண்டரின் மொத்தக் கொள்ளளவே சில பத்து மெகாபிட்தான். ஆகவே அழுத்தாமல் முடியாது. அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். சேனல்காரர் ஏற்கெனவே அழுத்தி அனுப்பியதை நீங்கள் இறக்கி, விரித்து, மறுபடி அழுத்துகிறீர்கள், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சில பத்து மெகாபிட்டுக்குள் எத்தனை சேனல்களைத் திணிக்கிறீர்கள் என்பதுதான் தேவரகசியமாக இருக்கிறது. ‘உங்களுக்காகப் புதிய சேனல்கள்’ என்று குறுஞ்செய்தி வரும்போதெல்லாம், பழைய சேனல்கள் ஒடுங்கி உட்கார்ந்து இடம் கொடுப்பதைக் கண்ணால் பார்க்கிறோம்.

நீங்கள் அனுப்பிய டெக்னீஷியன் தம்பி, திரையில் 90 சதவீதம் காட்டும் பச்சைக் கோட்டைச் சுட்டி, “சிக்னல் சூப்பரா இருக்கு சார், டிவியை மாத்திப் பாருங்க” என்றார். டிஷ்ஷுக்கு அலை ஒழுங்காக வருகிறதா என்பதைத்தான் அந்தக் கோடு சொல்லும். வரும் படம் எவ்வளவு நசுங்கியது என்பதைச் சொல்லாது. பிறகு அவர் மழைமேகத்தைக் காரணம் காட்டினார். மழையில் படம் உறையும், அறுந்தே போகும், ஒப்புக்கொள்கிறேன். சித்திரை வெயிலில், பந்து ஓடும்போது மட்டும் புல்லை மேயும் மேகம் எது?

நன்றியுடன் ஒரு விண்ணப்பம். ஆவின் நீலப் பால் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், இதர சத்து 8.5 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. அதுபோல ஒவ்வொரு எச்டி சேனலுக்கும் சராசரியாக வினாடிக்கு எத்தனை மெகாபிட், அழுத்தும் முறையான கோடெக் எது என்று உங்கள் பேக் பட்டியலில், விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். டிராயும் இதைக் கட்டாயமாக்கட்டும். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுப்போம்.

அதுவரை எச்டி கட்டணத்தை நாங்களும் அழுத்தி அனுப்ப அனுமதி வேண்டும். சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத அளவுக்குத்தான் குறைப்போம்.

இப்படிக்கு,
கட்டணம் கட்டிக் கட்டம் பார்க்கும் சந்தாதாரர்