ஓய்வு பெறாத நாயும் பிரீசரில் ஒரு பூனையும்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கிலாந்தின் ஸ்லௌ ரயில் நிலையத்தின் 5-ஆம் பிளாட்பாரத்தில் ஒரு நாய் நிற்கிறது. குரைப்பதில்லை, கடிப்பதில்லை, 1896-க்குப் பிறகு ஒரு பிஸ்கட்கூடத் தின்றதில்லை. பெயர் ஜிம். உயிரோடு இருந்தபோது முதுகில் உண்டியலைக் கட்டிக்கொண்டு, கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் விதவைகள், அநாதைகள் நிதிக்கு வசூல் செய்தது. காசு விழுந்தால் ஒரு குரைப்பு. ரசீது அதுதான். செத்த பிறகும் வேலையை விட்டுப் போகவிடாமல், பாடம் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் பிழைக்க வந்த உங்கள் அக்கா மகன், ஓய்வு வயதே இல்லாத ரயில்வே உத்தியோகம் இது ஒன்றுதான் என்று ஆபீசில் சொல்லிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. செல்லப் பிராணி விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களிடம் கேலி எடுபடாது.

ராஜா ராணிகளைப் புதைத்திருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலேயே ஒரு சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளி இருக்கிறது. ரிச்மண்ட் சீமாட்டி பிரான்சிஸ் ஸ்டூவர்ட் சுமார் 40 வருஷம் வளர்த்தது என்கிறார்கள். அம்மாள் 1702-இல் காலமானார். கிளியும் சில நாளில் போய்ச் சேர்ந்தது. அம்மாளுக்கு மெழுகில் உருவம் செய்தார்கள், கிளியைப் பாடம் செய்தார்கள். மிஞ்சியிருக்கும் பாடம் செய்த பறவைகளில் மிகப் பழையது இதுவாகத்தான் இருக்கும் என்று கருதப்படுகிறது. எக்ஸ்ரேயில் பார்த்தால் எலும்புக்கூடு முழுசாக உள்ளேயே இருக்கிறது.

செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்து அருங்காட்சியகத்தில் பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் ஆந்தை. 1850-இல் ஏதென்ஸில் சிறுவர்கள் கையிலிருந்து மீட்டு, அதீனா என்று பேர் வைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டே திரிந்தார். 1854-இல் அவர் யுத்தகளத்துக்குக் கிளம்பும் அமளியில், வீட்டார் அதைப் பரணில் விட்டார்கள், எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும் என்று. கையில் ஊட்டி வளர்த்த ஆந்தைக்கு எலி பிடிக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்? செத்துப்போனது. ஊர் உலகத்து நோயாளிகளைக் கவனிக்கக் கிளம்பிய வீட்டில் ஆந்தையைக் கவனிக்க ஆளில்லை!

பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வீட்டுப் பாட்டியம்மா இறந்துபோன தன் பூனையை பிரீசரில் வைத்திருக்கிறார், பட்டாணிப் பொட்டலத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில். பாடம் செய்பவரிடம் முறை வரும்வரை அங்கேதான். உடல் கெட ஆரம்பித்தால் ரோமம் உதிர்ந்துவிடுமாம். அவர் ஐஸ்கிரீம் நீட்டும்போதெல்லாம் உங்கள் அக்கா மகனுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது.

இப்போது வைக்கோல், மரத்தூள் திணிக்கும் வேலையெல்லாம் இல்லை. தோலை உரித்துப் பதப்படுத்தி, அளவுக்குச் செதுக்கிய நுரைப் பொம்மைமேல் போர்த்தித் தைக்கிறார்கள். கண்கள் கண்ணாடி, காய்ந்து நிறம் மாறிய மூக்குக்குச் சாயம். இன்னொரு வழி, உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டு முழு உடலையும் உறையவைத்து, வெற்றிடத்தில் மாதக்கணக்கில் ஈரத்தை இழுத்துவிடுவது. முகத்தின் எலும்பு மாறாமல் இருப்பதால் பூனை, நாய் வளர்ப்பவர்கள் பலருக்கு இதில்தான் நம்பிக்கை. ஆனால் தோல் தின்னும் வண்டு புகுந்தால் அத்தனையும் போச்சு.

சிக்கலே அந்த முகம்தான். மைசூரில் வான் இங்கன் குடும்பத்தார் மகாராஜாக்களுக்கும் துரைமாருக்கும் ஆயிரக்கணக்கில் புலியும் சிறுத்தையும் பாடம் செய்துகொடுத்தார்களே, எந்தத் துரையாவது “இது நான் சுட்ட புலியின் சிரிப்பு இல்லை” என்று திருப்பி அனுப்பியிருப்பாரா? பூனையை மடியில் போட்டுக்கொண்டு டிவி பார்த்தவர் அப்படி விடுவாரா? காது கொஞ்சம் சாய்ந்தாலும் கண்ணீர்தான். தொழில்காரர்களில் பலர் வளர்ப்புப் பிராணி என்றாலே கையெடுத்துக் கும்பிடுவது இதனால்தான்.

கேட்க ஆளில்லாவிட்டால் என்ன வேண்டுமானாலும் நடக்கும். பனியில் சிக்கியவர்களைக் காப்பாற்றியதாகப் புகழ்பெற்ற செயின்ட் பெர்னார்ட் நாய் பாரி, 1814-இல் இறந்து, சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1923-இல் செப்பனிட்டபோது, அந்தக் காலத்து செயின்ட் பெர்னார்ட் நாய்களுக்குப் பொருந்தும்படி அதன் தலையையே மாற்றி அமைத்துவிட்டார்கள். செத்து நூறு வருஷம் கழித்து முகமாற்றம்.

நம் ஊரில் கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்களே, அதற்கு முகலட்சணம் வேண்டியதில்லை, வாசனை போதும். நக்கிக்கொண்டே பால் விடும். அங்கே ஏமாறுவது மாடு. இங்கே ஏமாறச் சம்மதித்தவரே முன்பணமும் கட்டுகிறார். பாட்டியம்மா கட்டிய தொகைக்கு நீங்கள் உயிருள்ள பசுவே வாங்கிவிடுவீர்கள்.

அவருடைய இப்போதைய கவலை வேறு. பாடம் செய்ததை வெயிலில் வைத்தால் ரோமம் வெளுத்துவிடும். அந்தப் பூனையோ ஜன்னலோர வெயிலைத் தவிர வேறெங்கும் படுத்ததில்லை. போதாததற்கு வீட்டில் இன்னொரு பூனை உயிரோடு இருக்கிறது. பழையதைப் பார்த்து அது சண்டைக்குப் போகுமா, பயந்து ஓடுமா என்று உங்கள் அக்கா மகனிடம் யோசனை கேட்கிறார். இஞ்சினியர் என்றால் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமாம்.

அத்தையிடம் பிரீசர் விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்டிருந்த சாக்லேட் கடையிலிருந்து நேராகப் பெட்டிக்குத்தான் போகும். நடுவில் எந்த வீட்டிலும் தங்காது.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்